தலைமாட்டுக் கயிறும் நான்கு விரல் இடைவெளியும்

இன்வர்கேரன்,
பிப்ரவரி, செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள ஸ்ட்ரூவனுக்கு,

சித்தப்பா மர்டோவின் அநேக ஆசிகள். இங்கே நானும் உன் சித்தி எஃபியும் நலம். ரோட்டர்டாமில் நீயும் ஃபெம்கேயும் குட்டி லோட்டேயும் அவ்வாறே நலமாக இருக்க வேண்டுகிறோம். இங்கே மழை பெய்கிறது. நேற்றும் பெய்தது. முதலில் எழுத வேண்டியவற்றை எழுதிவிட்டேன். இனி நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன்.

நீ சமீபத்தில் எதுவும் கேட்கவில்லை என்று எனக்குத் தெரியும். நீ கேட்டது உன் பதின்மூன்றாவது வயதில், ஊர் மண்டபத்தில், எங்கள் சித்தப்பா மகன் வாட்டிக்கும் இஷ்பெலுக்கும் கல்யாணமாகி இருபத்தைந்து வருடம் ஆனதைக் கொண்டாடிய அன்று. உன் தாத்தாவின் கடல்நாய்த் தோல் ஸ்போரனை, கொசுவம் வைத்த கில்ட்டுக்கு முன்னால் சங்கிலியில் தொங்குமே அந்தப் பையை, உன் அப்பா உனக்குக் கட்டிவிட்டிருந்தான். அது வளர்ந்த ஆளுக்கான சங்கிலி. பின்னால் சணல் போட்டு முடிச்சுப் போட்டும் பை உன் முழங்கால்வரை தொங்கியது. வரிசை வரிசையாக நின்று ஒருவர் கையை ஒருவர் பிடித்துச் சுழலும் ஆட்டம் ஆரம்பித்தது. நீ சுழன்றாய், பையும் சுழன்றது; நீ நின்றாய், பை நிற்கவில்லை. சுவரோரம் குனிந்து உட்கார்ந்துகொண்டு, கண்ணில் நீர் முட்ட என்னைக் கேட்டாய்: "சித்தப்பா, இதை வலிக்காம கட்டவே முடியாதா?" என் வாய் நிறைய சாசேஜ் ரோல். நான் விழுங்குவதற்குள் உன் அப்பா பின்னாலிருந்து பதில் சொல்லிவிட்டான். "வலிக்கணும்டா. வலிக்காம இருக்க அது என்ன தலகாணியா? எங்கப்பாவுக்கு வலிச்சுது. எனக்கு வலிக்குது. நாங்க யார்கிட்டயாவது சொன்னோமா?" மண்டபமே சிரித்தது. நீ சிரிக்கவில்லை. வகுப்பில் ஒரு பிள்ளை கை தூக்கினால் பதில் கிடைக்கும்வரை கை இறங்கக் கூடாது என்பது என் கொள்கை. உன் கை இன்னும் தூக்கியபடியே இருக்கிறது. பதில் இதுதான்: முடியும். ஒழுங்காகக் கட்டிய ஸ்போரன் வலிக்காது. கொஞ்சமும் வலிக்காது.

எப்படி என்று சொல்வதற்கு முன் ஒரு விஷயம். உன் அப்பாவின் உடல்நிலையைப் பற்றி இந்தக் கடிதத்தில் நான் எழுதப்போவதில்லை. "ஸ்ட்ரூவனுக்கு என் உடம்பைப் பத்தி ஒரு வரி எழுதின, அப்புறம் நீ எனக்குத் தம்பியே இல்ல" என்று டூகல் என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கியிருக்கிறான். நானும் கொடுத்துவிட்டேன். ஆனால் ஸ்போரனைப் பற்றி எழுதக் கூடாது என்று அவன் சொல்லவில்லை. பாடம் என்றால் உதாரணம் வேண்டும். உதாரணத்துக்கு உன் அப்பாவைத்தான் எடுத்துக்கொள்ளப்போகிறேன், எனக்குக் கைக்கெட்டிய தூரத்தில் இருப்பவன் அவன்தான். அவன் உடம்பு எங்காவது குறுக்கே வந்தால் அதை உதாரணமாக மட்டும் எடுத்துக்கொள். அதே சமயம் உட்கார்ந்து படி.

முதலில் உன் கல்யாணத்தை எடுத்துக்கொள்வோம். உங்கள் ஊருக்கு வரும் வழியில், விமான நிலையத்தில் உன் அப்பா கட்டியிருந்த அதே ஸ்போரனைக் கழற்றச் சொல்லி ஒரு தட்டில் வைத்து இயந்திரத்துக்குள் அனுப்பினார்கள். மறுபக்கம் வந்ததும் ஓர் இளம்பெண் கையுறை மாட்டிக்கொண்டு அதை விரலால் தொட்டுப் பார்த்தாள். "தைரியமா தொடும்மா, செத்து எழுபது வருஷமாச்சு" என்றான் உன் அப்பா. அவள் சிரிக்காமல் அதைத் திறந்தாள். உள்ளேயிருந்து வெளியே வந்தவை: வீட்டுச் சாவிக்கொத்து, தேவாலயக் கூடத்தின் இரும்புச் சாவி, பெப்பர்மின்ட் தகர டப்பா, விஸ்கிக் குடுவை, அளக்கும் டேப், ஒரு திருப்புளி. திருப்புளியை வைத்துக்கொண்டார்கள். அந்த எரிச்சலோடு வந்து இறங்கியவன் உன்னைக் கருப்புப் பேண்டில் பார்த்தான். விருந்தில் அவன் கோப்பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தபோது எஃபி என் தொடையைக் கிள்ளினாள். அவள் பயந்தது சரியாகத்தான் இருந்தது. "பொண்ணு நல்ல பொண்ணு. மாப்பிள்ளை யாருன்னுதான் எனக்குத் தெரியல. எங்க வீட்டுப் பையன் கல்யாணத்துக்குப் பேண்ட் போட்டுக்கிட்டு வரமாட்டான்." நீயும் சும்மா இருக்கவில்லை. "உங்களுக்கு வலிச்சா எனக்கும் வலிக்கணுமாப்பா? அந்தச் சொத்து எனக்கு வேணாம்" என்றாய். ஆறு வருடமாக உங்கள் இருவருக்கும் நடுவே போய்வருவது ஃபெம்கே எஃபிக்கு அனுப்பும் கிறிஸ்துமஸ் அட்டை மட்டும்தான்.

உங்கள் இருவரில் யார் சரி என்று நான் சொல்ல மாட்டேன், எனக்கு இருப்பது ஒரே அண்ணன், ஒரே அண்ணன் மகன். ஆனால் ஸ்போரன் விஷயத்தில் இரண்டு பேருமே தப்பு என்று அடித்துச் சொல்வேன். வலிக்கும், தாங்கணும் என்றான் அவன். வலிக்கும், வேண்டாம் என்றாய் நீ. 'வலிக்கும்' என்பதில் மட்டும் அப்பனும் மகனும் ஒரே கட்சி. ஏன் வலிக்கிறது என்று இரண்டு பேரில் ஒருவரும் குனிந்து பார்க்கவில்லை.

பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். மரம் அறுக்கும் ஆலையில் ஆயுசெல்லாம் வேலை பார்த்தவன் உன் அப்பா. வேலைப் பேண்ட் எங்கே நிற்குமோ அங்கேயே, இடுப்பெலும்பின் மேல், கில்ட்டையும் கட்டினான். கில்ட் தொப்புள் உயரத்தில் நிற்க வேண்டிய உடுப்பு. அது ஒரு சாண் இறங்கினால் ஸ்போரனும் ஒரு சாண் இறங்கும். எங்கே இறங்கும் என்று உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கில்ட்டின் பின்பக்கம், கொசுவத்துக்கு மேலே, இரண்டு துணி வளையம் தைத்திருப்பார்களே, சங்கிலி அதற்குள் நுழைந்து வர வேண்டும். "அதெல்லாம் டூரிஸ்டுக்குடா" என்று சொல்லி உன் அப்பா வளையத்தை விட்டுவிட்டுச் சங்கிலியை வெளியே ஓடவிட்டான். அது நடக்க நடக்க நழுவி எலும்பில் போய் உட்கார்ந்தது. தளர்த்தினால் இதமாக இருக்கும் என்று இன்னும் தளர்த்தினான். நம் ஆட்டுப் பட்டியின் கதவை நினைத்துக்கொள். கீல் இறுக்கமாக இருந்தால் எவ்வளவு காற்றடித்தாலும் கதவு அசையாது. கீல் தளர்ந்துவிட்டால் இரவெல்லாம் கம்பத்தில் அடித்துக்கொண்டே இருக்கும். கதவுக்குக் கோபம் ஒன்றுமில்லை, தளர்ந்த கீல், அவ்வளவுதான். இந்தத் தளர்ந்த சங்கிலியில்தான் அவன் ஒரு மளிகைக் கடையையே சுமந்து திரிந்தான்.

இப்போது போன அக்டோபருக்கு வா. வாட்டி போய்விட்டதை எஃபி உங்களுக்கு எழுதியிருப்பாள். அடக்கம் எப்படி நடந்தது என்பதை அவள் எழுதியிருக்க மாட்டாள். வாட்டிக்குப் பிள்ளைகள் இல்லாததால், பெட்டியைக் குழியில் இறக்கும் எட்டுக் கயிறுகளில் மகன் பிடிக்க வேண்டிய தலைமாட்டுக் கயிறு, பெரியப்பா மகன் என்ற முறையில் உன் அப்பாவுக்கு வந்தது. கால்மாட்டுக் கயிறு எனக்கு. பக்கவாட்டில் ஆறு பேர். மலைச்சரிவுக் கல்லறை, ஒரு வாரம் பெய்த மழையில் குழியோரம் முழுக்க களிமண், பெட்டிக்குள் வாட்டி. வாட்டி எந்தக் காலத்திலும் இளைத்த ஆள் இல்லை. சவப்பெட்டிக்காரர் பிர்னி தன் மெல்லிய குரலில் "எடுங்க... மெதுவா... விட்டு விட்டு இறக்குங்க" என்று சொல்லச் சொல்ல, எட்டு பேரும் குனிந்து கயிற்றை நழுவவிட்டோம். உன் அப்பா குனிந்ததும் ஸ்போரன் அவனுக்கும் குழிக்கும் நடுவே மணிபோல ஆடியது. மூடியின் கொக்கி என்றைக்கோ உடைந்தது. முதலில் பெப்பர்மின்ட் டப்பா நழுவியது, நழுவும்போதே திறந்துகொண்டது, போதகர் "மண்ணுக்கு மண்" என்று சொன்ன அதே நொடியில் வெள்ளை மிட்டாய்கள் பெட்டியின் மேல் ஆலங்கட்டி மழைபோலக் கொட்டி உருண்டு ஓடின. போதகர் நிறுத்திவிட்டார். இஷ்பெல்தான் பேசினாள்: "பரவால்ல, விடுங்க. பிரசங்கம் ஆரம்பிச்சா அவருக்கு அது ஒண்ணு வேணும்."

அதோடு முடிந்திருந்தால் நான் இவ்வளவு நீளமாக எழுத மாட்டேன். பெட்டி அடியில் உட்கார்ந்தது. "இப்ப விடலாம்" என்றார் பிர்னி. ஏழு பேர் விட்டோம். மிஞ்சிய தலைமாட்டுக் கயிற்றின் நுனியில் இருந்த குஞ்சம் உன் அப்பாவின் ஸ்போரன் சங்கிலியில் சிக்கியிருந்தது. அவன் கையை விரித்துக் காட்டுகிறான், கயிறு போகவில்லை. நிமிரப் பார்க்கிறான், இடுப்பு பெட்டியோடு கட்டியிருக்கிறது. ஓர் அடி பின்னால் வைத்தான், களிமண் வழுக்கி ஒரு கால் குழிக்குள் போய்விட்டது. "வாட்டி, விடுடா!" என்று கத்தினான். இஷ்பெலின் தங்கை மயங்கி விழப்போனாள். நான் குழியைச் சுற்றி ஓடிப்போய் என் கைக்குக் கிடைத்ததைப் பிடித்தேன். கிடைத்தது அவன் கில்ட்டின் பின்கொசுவம். பிடித்துத் தூக்கினேன். கில்ட்டுக்கு உள்ளே ஒன்றும் போடாத பரம்பரை நாம். அன்றைய வாடைக்காற்றுக்கும் பின்வரிசையில் நின்ற மாதர் சங்கத்துக்கும் என்ன தெரிந்தது என்பதை ஓய்வுபெற்ற ஆசிரியர் எழுதக் கூடாது. பிர்னி சட்டைப்பையிலிருந்து பேனாக்கத்தியை எடுத்து, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல், குஞ்சத்தை அறுத்தார். அந்தக் குஞ்சம் வாட்டியோடு போகவில்லை. உன் அப்பாவின் சங்கிலியில் ஒட்டிக்கொண்டே அடக்கச் சாப்பாட்டுக்கு விடுதிக்கு வந்தது.

விடுதியில் சூப் வைத்தார்கள், பார்லி போட்ட ஆட்டுக்கறி சூப். உன் அப்பா ஒரு கரண்டி வாயில் வைத்தான், கரண்டியைக் கீழே வைத்தான். அவன் சூப்பை மிச்சம் வைத்து நீ பார்த்திருக்கிறாயா? நான் பார்த்ததில்லை. முகம் சாம்பல் நிறம். ஒரு கை ஸ்போரனுக்கு மேலே, வயிற்றில்.

"என்னடா, பயந்துட்டியா?" என்றேன்.

"இந்தச் சனியன் சங்கிலி குத்துது" என்றான்.

"இன்னைக்கா?"

"போன வசந்தத்துலேர்ந்து."

நானும் என் கரண்டியைக் கீழே வைத்தேன். ஆலையில் இடதுகைச் சுண்டுவிரலை ரம்பம் கொண்டுபோன அன்று, துணியைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்து "தேநீர் இருக்கா" என்று கேட்டவன் அவன். அப்படிப்பட்ட ஆள் ஒரு சங்கிலி குத்துகிறது என்று வாய்விட்டுச் சொல்கிறான். "நாளைக்கு என் வீட்டுக்கு வா. கில்ட்டையும் எடுத்துக்கிட்டு வா. ஒழுங்கா எப்படிக் கட்டறதுன்னு சொல்லித் தரேன்" என்றேன். "எனக்கா? எழுபத்தொம்பது வயசுலயா?" என்றான். ஆனால் வந்தான்.

நீ கேட்ட பாடம் இங்கேதான் வருகிறது, கவனமாகப் படி. எங்கள் சமையலறையில் அவனை நிற்கவைத்தேன். கில்ட்டைத் தொப்புள் உயரத்துக்கு ஏற்றிக் கட்டினேன். கீழ் ஓரம் முழங்கால் சிப்பியின் நடுவில் வந்து நின்றது. "இவ்வளவு நாளா பாட்டியோட பாவாடையைக் கட்டிக்கிட்டிருந்த மாதிரி இருந்திருக்கே" என்று எஃபி சொல்வாள் என்று பார்த்தேன், அவள் பாத்திரம் கழுவிக்கொண்டே வேறு பக்கம் பார்த்தாள். ஸ்போரனைக் கவிழ்த்து எல்லாவற்றையும் மேசையில் கொட்டினேன், வெறும் பையைக் கையில் கொடுத்தபோது அவன் அதை எடை பார்த்துவிட்டு "இதுவா அது?" என்றான். சங்கிலிக் கண்ணிகள் முறுக்கு இல்லாமல் தட்டையாகப் படுத்திருக்கின்றனவா என்று விரலால் தடவிப் பார்த்து, பின்னால் இரண்டு வளையங்களுக்குள்ளும் நுழைத்து எடுத்தேன். உள்ளங்கையைத் தட்டையாக வைத்தால் சங்கிலிக்கும் உடம்புக்கும் நடுவே நுழைய வேண்டும், மூடிய கை நுழையக் கூடாது, அந்த இறுக்கம். பெல்ட்டின் பக்கிளுக்குக் கீழே நான்கு விரலை அடுக்கி வை, நான்காவது விரலுக்குக் கீழே ஸ்போரனின் தலை வர வேண்டும். அவன் இடதுகையை வைத்தான். "அந்தக் கை வேணாம், அதுல மூணுதான் இருக்கு" என்றேன். "நீ என் விரலை எண்ணாம பாடத்தை நடத்து" என்றான்.

நடக்கச் சொன்னேன், நடந்தான். பை லேசாகத் தட்டிவிட்டு அடங்கியது. உட்காரச் சொன்னேன்: ஒரு கையால் பின்கொசுவத்தை வழித்துவிட்டு, மறுகையால் ஸ்போரனை மடியில் ஏந்திக்கொண்டு உட்கார வேண்டும், அது மடிமேல் பூனைபோலப் படுத்துக்கொள்ளும், கில்ட்டும் மரியாதையாக நடுவில் இறங்கி நிற்கும். உட்கார்ந்தான். குனிவதற்கு முன் பையை இடது இடுப்புக்குத் தள்ளிவிடு என்றேன். தள்ளிவிட்டுக் குனிந்து ஷூ நாடாவைத் தொட்டான். முன்னால் ஒன்றும் ஆடவில்லை, ஒன்றும் இடிக்கவில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது, ஸ்ட்ரூவன். மக்குப் பையன் கணக்கைப் போட்டுவிட்ட பெருமை.

"எப்படி இருக்கு?"

"தொங்கல. இடிக்கல."

"குத்துதா?"

அவன் ஜன்னலைப் பார்த்தான். நான் சங்கிலியைக் கழற்றினேன், ஸ்போரனை எடுத்து மேசைமேல் வைத்தேன்.

"இப்ப?"

"இருக்கு" என்றான்.

எஃபி தண்ணீர்க் குழாயை மூடினாள்.

உதாரணத்தை இத்தோடு நிறுத்த வேண்டும், வாக்குக் கொடுத்திருக்கிறேன். மறுநாளே அவனை டாக்டரிடம் கூட்டிப்போனேன்; டாக்டரம்மா கிளாஸ்கோக்காரி. இவ்வளவு மாதம் ஏன் வரவில்லை என்று கேட்டதற்கு "ஸ்போரன்னு நினைச்சேன்" என்று உன் அப்பா சொன்னபோது அவள் சிரிக்கவில்லை என்பதை மட்டும் எழுதுகிறேன். படங்களை எடுத்தார்கள். கத்தி வைத்துப் பிரயோஜனமில்லை என்றார்கள். எவ்வளவு காலம் என்று நான் கேட்டேன். பனி உருகும்வரை இருப்பான் என்றாள், வசந்தத்தில் செம்மறிக் குட்டிகள் பிறக்கும்வரை என்று சொல்லவில்லை. நீ இந்த ஊரில் வளர்ந்தவன். பனி உருக இன்னும் எத்தனை வாரம் என்று உனக்கே தெரியும்.

கிறிஸ்துமஸ் கழிந்ததும் உன் அப்பா பிர்னியை வீட்டுக்கு வரச் சொன்னான். ஆளை உட்காரவைத்துத் தேநீரும் கேக்கும் கொடுத்து, ஏதோ விருந்து மேசையில் நாற்காலிக்கு ஆள் அமர்த்துவதுபோலக் கயிறுகளுக்கு ஆள் அமர்த்தினான். "கால்மாடு மர்டோவுக்கு. அவன் போன தடவை நல்லா ஓடினான். பக்கவாட்டுல ஆலைக்காரப் பசங்க." பிர்னி தன்னிடமிருந்த சின்ன அட்டைகளில் ஒவ்வொன்றாகப் பெயர் எழுதிக்கொண்டே வந்தார், பெட்டியின் படமும் ஆளின் இடமும் போட்டிருக்குமே, அந்த அட்டை. கடைசியில் ஒன்றாம் எண் அட்டை மிஞ்சியது.

"தலைமாடு யாரு, டூகல்?"

"அது கிடக்கட்டும்."

"கிடக்கக் கூடாதுப்பா. தலைப்பக்கம் கயிறு இல்லேன்னா தலை முதல்ல போயிடும்."

"போகட்டும். பொறந்தப்பவும் அப்படித்தானே வந்தேன்."

"எங்க கடைப் பையன் ஒருத்தனை நிறுத்தட்டுமா?"

"கூலிக்கு ஆள் வச்சா எந்திரிச்சு உட்கார்ந்துடுவேன், பிர்னி. பார்த்துக்க."

பிர்னி கேக்கைத் தின்றுவிட்டுக் கிளம்பினார். வாசலில் என் கையைக் குலுக்கினார். கையை எடுத்தபோது பெயர் எழுதாத அந்த அட்டை என் உள்ளங்கையில் இருந்தது.

அதற்கு அடுத்த வாரம் உன் அப்பா என்னிடம் தாத்தாவின் ஸ்போரனைக் கொடுத்து, "சங்கிலியைத் தூக்கிப் போடு, மெத்துனு ஒரு தோல்பட்டை மாட்டு" என்றான். மாட்டினேன். கொக்கியையும் சரிசெய்தேன். அவனுக்குத்தான் என்று நினைத்துக்கொண்டேன். இளைத்துவிட்டானே, உள்பக்கமாக ஓட்டை போட வேண்டும் என்று ஊசியை எடுத்தேன். "அங்க இல்லடா" என்றான். அலமாரியிலிருந்து, எஃபிக்கு நீங்கள் அனுப்பிய போன கிறிஸ்துமஸ் அட்டையை எடுத்தான். நீயும் ஃபெம்கேயும் குழந்தையும் ஏதோ கால்வாய்க் கரையில் நிற்கும் படம். கண்ணாடியை மூக்கில் இறக்கி வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தான். "தொப்பை வச்சிருக்கான். வெளிப்பக்கமா மூணு ஓட்டை போடு. நாலாவே போடு, அந்த ஊர்ல பாலாடைக்கட்டி நிறைய." யாருக்கு என்று நான் கேட்கவில்லை. நாலாகவே போட்டேன்.

ஆகவே அந்த ஸ்போரன் இந்தக் கடிதத்தோடு ஒரே பொட்டலத்தில் வருகிறது. உள்ளே ஒன்றாம் எண் அட்டை இருக்கிறது. அதைத் தவிர வேறெதையும் அதில் போடாதே. நேரம் வரும்போது நான் தந்தி போல ஒரு வரி அனுப்புவேன். கில்ட் எங்கள் வீட்டுப் பீரோவில் கற்பூர உருண்டை போட்டு வைத்திருக்கிறேன். அதுவரை வீட்டில் கட்டிப் பழகு: உயரம் தொப்புள், பட்டை வளையத்துக்குள், இடைவெளி நான்கு விரல். குழியோரம் போய் நின்றதும், பிர்னி உன் பெயரைச் சொல்வதற்கு முன்னாலேயே, பையை இடது இடுப்புக்குத் தள்ளிவிடு. கயிற்றை உள்ளங்கையில் ஒரே ஒரு சுற்று சுற்று, குஞ்சம் வெளிப்பக்கம் தொங்கட்டும். அவன் கனமாக இருக்க மாட்டான், பயப்படாதே. கால்மாட்டில் நான் இருப்பேன். உன் கண் கலங்கி ஒன்றும் தெரியாவிட்டால் என் கையைப் பார்த்து நானிறக்கும் அளவுக்கு நீயும் இறக்கு. தலை சமமாகப் போக வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

ஃபெம்கேக்கு எங்கள் அன்பு. லோட்டேவுக்கு எஃபி பின்னிய கையுறை தனியாக வரும். ஒன்று மற்றொன்றைவிடப் பெரிதாக இருக்கும், அது அப்படித்தான். கடவுள் உங்கள் வீட்டுக் கூரையையும் அதற்குக் கீழே இருப்பவர்களையும் காக்கட்டும்.

என்றும் உன் நலம் நாடும்
சித்தப்பா மர்டோ

பின்குறிப்பு (புதன்கிழமை): பொட்டலத்தைத் தபாலுக்குக் கொண்டுபோகும் வழியில் உன் அப்பாவைப் பார்க்க நுழைந்தேன். ஜன்னலோர நாற்காலியில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "கையில என்ன?" என்றான். எனக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. "படி" என்றான். முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்தேன். பெப்பர்மின்ட் இடத்தில் சிரித்து இருமினான். சமையலறை இடத்தில் கண்ணை மூடிக்கொண்டான். தூங்கிவிட்டான் என்று நினைத்து நிறுத்தினேன். "நிறுத்தாதே" என்றான். முடிந்ததும் கம்பளியை இழுத்து விட்டுக்கொண்டான். பிறகு திட்ட ஆரம்பித்தான்.

"சத்தியத்தை மீறிட்ட."

"இல்லையே. எல்லாம் உதாரணம்."

"வாத்தியார் புத்தி! நாலு விரலாம், குஞ்சம் வெளிப்பக்கமாம். உன்னை யாரு அவனைக் குழி வெட்டின அப்புறம் வரச் சொல்லச் சொன்னது? பெட்டிக்குள்ள படுத்துக்கிட்டு அவன் பை நேரா தொங்குதான்னு நான் எட்டிப் பார்க்கவா முடியும்? இப்ப வரச் சொல்லுடா. பேண்ட்லயே வரட்டும். ராத்திரிச் சட்டையில வேணா வரட்டும். அந்தக் குட்டியையும் தூக்கிக்கிட்டு வரட்டும்."

பொட்டலத்தைப் பிரிக்கச் சொன்னான். ஸ்போரனை வாங்கி மடிமேல் வைத்துக்கொண்டான். அட்டையை எடுத்துப் பார்த்து, "இது அப்புறம்" என்று கடிகாரத்துக்குப் பின்னால் செருகச் சொன்னான். பட்டையில் இருந்த ஓட்டைகளை விரலால் தடவியபடி, "எந்த ஓட்டை சரியா வருதுன்னு நான்தான் பார்க்கணும்" என்றான். ஆகவே பொட்டலம் வராது, கடிதம் மட்டும்தான் வரும். இதில் மேலே எழுதிய எதையும் நீ பழக வேண்டாம். ஒன்றே ஒன்றைச் செய்து பார்: இதைக் கீழே வைத்துவிட்டு உன் அப்பாவுக்குப் போன் போடு. ரொம்ப நேரம் மணி அடிக்கும். அவன் நாற்காலியிலிருந்து எழுந்து வர வேண்டும். அதற்குள் வைத்துவிடாதே.